எங்க நாத்தங்கால்ல உங்க போர்டிகோ

வா தம்பி, வா. அந்த பெஞ்சுல உக்காராத, ஒரு கால் ஆடும். இப்படி வா. கையில இன்னா, வழவழன்னு காகிதம்? மனை பார்க்க வந்தியா, வாடகைக்கு வூடு பார்க்க வந்தியா? முதல்ல வாடகை, அப்புறம் மனையா? நல்லதாப் போச்சு. டீ சொல்லு. எனக்கும் ஒண்ணு சொல்லு, சக்கரை தூக்கலா. டாக்டர் வேணாம்னுதான் சொல்லியிருக்காரு. ஆனா அவரு வூடு அண்ணா நகர்ல. கூடுவாஞ்சேரி வரைக்கும் வந்து எட்டிப் பார்க்க மாட்டாரு.

காகிதத்தைக் கொடு. கண்ணாடி இல்லாமலே படிச்சிடுவேன், எல்லாக் காகிதமும் ஒண்ணுதான். "ரயில் நிலையத்திலிருந்து 5 நிமிடம்." இதுல பொய் கிடையாது தம்பி. கம்பெனிக்காரன் ஞாயித்துக்கிழமை விடிகாலையில, அவன் கார்ல, குறுக்கே மாடுகூட வராத நேரமாப் பார்த்து அளந்த 5 நிமிஷம் அது. நீ திங்கக்கிழமை ஷேர் ஆட்டோவுல டிரைவர் பக்கத்துல ஒட்டிக்கிட்டு, ஒரு கால் உள்ள ஒரு கால் ரோட்டுலன்னு வந்து அளந்து பாரு. அதே தூரம்தான், நிமிஷம் மட்டும் கொஞ்சம் குட்டி போட்டிருக்கும். "அருகிலேயே பள்ளி, கல்லூரி, மருத்துவமனை." அருகிலேன்னா காக்காவுக்கு.

நீ வந்ததுல எனக்கு ஆச்சரியம் ஒண்ணும் இல்ல. பட்டணத்துக்கு அது பழக்கம். வெச்சுக்க இடம் இல்லாததை எல்லாம் இந்த ஜிஎஸ்டி ரோட்டுல தெக்கால தள்ளிவிடும். காசநோய்க்காரங்களுக்கு நல்ல காத்து வேணும்னு 1928ல தாம்பரத்துல சானடோரியம் வந்துச்சு. மூர் மார்க்கெட்டாண்ட இருந்த சிங்கம் புலிக்கு இடம் பத்தலைன்னு வண்டலூருக்குக் கொண்டாந்தாங்க, 1985ல தொறந்தாங்க. கோயம்பேட்டுல நெரிசல்னு வெளியூர் பஸ்ஸை 2023 டிசம்பர்ல கிளாம்பாக்கத்துல கொண்டாந்து நிறுத்துனாங்க. நோயாளி, புலி, பஸ்ஸு. அதுக்கு அடுத்தது நாப்பதாயிரம் சம்பளக்காரன். வரிசை சரியாத்தான் இருக்குது. இதுல புலி பொழைச்சுக்கிச்சு. ஆயிரம் ஏக்கருக்கு மேல காடு கொடுத்தாங்க, அதுவும் வேலைக்குன்னு தெனம் பட்டணத்துக்கு ரயில் ஏற வேண்டியதில்ல.

நீ இப்ப பார்த்துட்டு வந்தியே, ஆர்ச் வெச்ச நகரு, அது எங்க நாத்தங்கால். போர்டிகோன்னு தூண் போட்டிருக்கானே முதல் வூட்டுக்காரன், அங்கதான் எங்கப்பா நாத்து முடி கட்டி அடுக்குவாரு. அந்தக் காலத்துல செங்கல்பட்டு ஜில்லாவுல நெலத்தைக் காணின்னுதான் பேசுவோம். ஒரு காணிக்கு 24 மனை. ஒரு மனைன்னா 2400 சதுர அடி, நீங்க கிரவுண்டுன்னு சொல்றீங்க. ஒரு மனையில ஒருத்தன் வூடு கட்டி, கெணறு வெட்டி, முருங்கை வெச்சு, மாடு கட்டி, மிச்ச எடத்துல தாயாதியோட சண்டையும் போடலாம். அப்புறம் அரை மனை ஆச்சு, 1200. இப்ப உன் காகிதத்துல பாரு, 600. கால் மனை. இதுல சண்டை போடணும்னா ரோட்டுக்குத்தான் வரணும்.

வித்தது யாருன்னு கேக்கிறியா? நான்தான். ஏன் முறைக்கிற? பொண்ணு கல்யாணம், மோட்டார் கடன், மழை ஏமாத்துன மூணு வருஷம். எல்லாம் ஒரே நேரத்துல வந்து வாசல்ல நின்னா நீயும் விப்ப. நான் சென்ட் கணக்குல வித்தேன், கம்பெனிக்காரன் சதுர அடிக் கணக்குல வித்தான். ஒரு சென்ட்டுக்கு 435 சதுர அடி சொச்சம்னு எனக்கும் தெரியும். அந்தச் சொச்சத்துலயே அவன் கார் வாங்குவான்னுதான் தெரியல. நகருக்குத் தன் பொண்ணு பேரை வெச்சான். பக்கத்து நகருக்கு மாமியார் பேரு, ஏதோ வூட்டுல சமாதானம் ஆவட்டும்னு. நாங்க அந்த எடத்தைத் தவளைப் பள்ளம்னு சொல்லுவோம். அந்தப் பேரை மட்டும் காகிதத்துல எங்கேயும் காணோம்.

மனை வாங்குற நாள் வந்தா ஒண்ணு சொல்றேன், காதுல போட்டுக்க. முன்னெல்லாம் மனைக்கு அப்ரூவல்னா வண்டலூர் வரைக்கும் சிஎம்டிஏ, இந்தாண்ட டிடிசிபின்னு ரெண்டே வார்த்தை. 2022ல சென்னைப் பெருநகர எல்லையை 5,904 சதுர கிலோமீட்டருக்கு இழுத்துட்டாங்க. காகிதத்துல நீயும் பட்டணத்தான்தான், சந்தோஷப்பட்டுக்க. அப்ரூவல் இல்லாத மனையைப் பதியக்கூடாதுன்னு 2016ல ஹைகோர்ட் நிறுத்தி வெச்சப்போ இந்த டீக்கடையில தரகர் கூட்டம் துக்க வூடு மாதிரி உக்காந்திருந்துச்சு. அப்புறம் 2016 அக்டோபர் 20க்கு முன்னால பதிஞ்ச மனைக்குப் பணம் கட்டி வரன்முறை பண்ணிக்கலாம்னு 2017ல வழி விட்டாங்க. அதனால 'அப்ரூவல் மனையா, வரன்முறை மனையா'ன்னு கேளு. ரெண்டுக்கும் தரகன் ஒரே மாதிரிதான் தலையாட்டுவான். தலையைப் பார்க்காத, பத்திரத்தைப் பாரு. வில்லங்கம் 30 வருஷத்துக்குப் போட்டுப் பாரு. அதுல என் பேரு வரும். கையெழுத்துதான் போட்டிருப்பேன், கைநாட்டுன்னு நெனச்சுக்காத.

எங்கிட்ட இன்னும் ஒரு செவலைப் பசு இருக்குது. அதுக்கு லேஅவுட் தெரியாது. கன்னுக்குட்டியா இருந்தப்போ ஆத்தா பின்னால போன அதே வழியிலதான் இன்னிக்கும் ஏரிக்குப் போவும். குறுக்கே காம்பவுண்டு வந்தா சுத்திப் போவும், கேட்டு தொறந்திருந்தா உள்ள பூந்து போவும். 14ஆம் நம்பர் மனை வாசல்ல மட்டும் போய் நிக்கும். அங்கதான் எங்க தண்ணித் தொட்டி இருந்துச்சு. அந்த வூட்டம்மா திருநெல்வேலிக்காரங்க, பேங்குல வேலை. முதல்ல விளக்குமாத்தைத் தூக்கினாங்க. அப்புறம் ஒருநாள் கழனித்தண்ணி வெச்சாங்க. இப்ப செவலை ஒருநாள் வரலைன்னா எனக்கு போன் வருது, "பெரியவரே, உடம்பு கிடம்பு சரியில்லையா?"ன்னு. எனக்கில்ல, மாட்டுக்கு.

சரி, ரயிலுக்கு வருவோம். அதுலதான் உன் ஆயுசு போவப் போவுது.

பீச்சுலேர்ந்து தாம்பரத்துக்கு 1931லேயே கரண்டு வண்டி ஓடுச்சு. சின்ன வண்டி, மீட்டர்கேஜு. 2004 வரைக்கும் இருந்துச்சு. இப்ப எல்லாம் அகல வண்டி. அகலம் வண்டிக்குத்தான், உனக்கு இல்ல. பீச்சுலேர்ந்து கிளம்புற வண்டியில எத்தனையோ தாம்பரத்தோட படுத்துக்கும். தாம்பரத்தைத் தாண்டி வர்றது அதுல கொஞ்சம்தான். உன் காகிதத்துல வெல கம்மியா இருக்குதே, அதுக்குக் காரணம் கம்பெனிக்காரன் நல்ல மனசுன்னு நெனைச்சியா? வண்டி கொறையிற எடத்துல வெலையும் கொறையும்.

காலையில ஆறரைக்கு பிளாட்பாரத்துல போய் நின்னு பாரு. கோடு போட்ட மாதிரி ஜனம் நிக்கும். மூணாவது தூண் லேடீஸ், தண்ணிக் குழாயாண்ட ஃபர்ஸ்ட் கிளாஸ், அந்தாண்ட வெண்டார். யாரும் சொல்லித் தரல, போர்டும் கிடையாது. நீ புதுசுன்னு தெரிஞ்சா உன்னைக் கதவுக்கு நேரா நிக்கவிட்டு, வண்டி வந்ததும் உன்னைத் தள்ளிக்கிட்டே உள்ள போவாங்க. செங்கல்பட்டுலேர்ந்து வர்ற வண்டி, சீட்டெல்லாம் சிங்கப்பெருமாள் கோயில்லயே தீர்ந்துடும். பொத்தேரியில காலேஜ் பசங்க எறங்குன சீட்டு உனக்காகக் காத்திருக்கும்னு கனவு காணாத. அதுக்கு மறைமலை நகர்க்காரன் ஏறும்போதே துண்டு போட்டிருப்பான், கண்ணால.

மூணு பேரு சீட்டுல நாலாவது ஆள் உக்கார்றதைப் பார்த்திருக்கியா? அது ஒரு வித்தை. வந்து நிப்பான். யாரு முகத்தையும் பார்க்க மாட்டான். "கொஞ்சம்" அப்படிம்பான். அவ்வளவுதான், மீதி வார்த்தை கிடையாது. அந்த ஒரு "கொஞ்ச"த்துக்கு மூணு இடுப்பும் ஆளுக்கு ஒரு விரக்கடை நகரும். செல்போன் பார்க்கிறவன் செல்போனைவிட்டுக் கண்ணெடுக்க மாட்டான், ஆனா இடுப்பு நகரும். நாலாவது ஆள் பாதி உடம்பை வெச்சுட்டு, ஒரு காலை நடைபாதையில ஊனிக்கிட்டு, ஊரப்பாக்கம் தாண்டறதுக்குள்ள தூங்கிடுவான். எங்க ஏர்க்காலுகூட அவ்வளவு அளவாப் பொருந்தினதில்ல.

இது எல்லாருக்கும் சொல்றதில்ல, டீ வாங்கிக் கொடுத்ததால சொல்றேன். நிக்க வேண்டி வந்தா யாரு முட்டிக்குப் பக்கத்துல நிக்கணும்னு பார்த்து நில்லு. கழுத்துல அடையாள அட்டை தொங்குதா, காதுல ஒயர் இருக்குதா, அவன் கிண்டியில எறங்குவான். அங்க நில்லு. மடியில கட்டைப்பை, வெத்தலைச் செல்லம், கண்ணுல ஒரு நிம்மதின்னு இருந்தா பாரிமுனை வியாபாரம், பீச் வரைக்கும் அசைய மாட்டான். அவன் பக்கத்துல நின்னு நின்னே எங்க ஊர்ப் பையன் ஒருத்தனுக்குக் கால் நரம்பு சுருட்டிக்கிச்சு. சாயங்காலம் பார்க் ஸ்டேஷன்ல ஏறுறவங்க பாரு, தெக்கால வர வேண்டியவன் வடக்கால வண்டி ஏறுவான். பீச்சுக்குப் போய், அதே வண்டியில உக்காந்தபடியே திரும்பி வருவான். நீயும் செய். ஆனா சீசன் டிக்கெட்டை பீச் வரைக்கும் எடுத்து வெச்சுக்க. எடுக்காமப் போனா டிடிஆர் வந்து உக்காந்தவனைத்தான் முதல்ல எழுப்புவாரு.

லேடீஸ் பொட்டியில நடக்கிறதை நான் பார்த்ததில்ல, எங்க மருமவ சொல்லும். எழும்பூர்ல முருங்கைக்கீரை ஆய ஆரம்பிச்சா பல்லாவரத்துல முடிஞ்சிடுமாம். குரோம்பேட்டைக்கு மேல பூண்டு உரிக்கிறது. யாரோ ஒருத்தி கீரையை அஞ்சு பேரு மடியில பிரிச்சுப் போட்டு ஆயுவாங்களாம், காம்பெல்லாம் ஒரு பைக்குள்ள போவும். பேரு தெரியாது, வூடு தெரியாது. ஆனா ஒருத்தி நாலு நாள் வரலைன்னா அவ கட்டிக்கிட்டு வர்ற புடவை நெறத்தைச் சொல்லி விசாரிப்பாங்களாம்.

2025 ஏப்ரல்ல ஏசி வண்டி விட்டாங்க, செங்கல்பட்டு வரைக்கும் வருது. 35 ரூபாய்லேர்ந்து 105 ரூபாய் வரைக்கும் டிக்கெட். பேரன் ஒருநாள் கூட்டிக்கிட்டுப் போனான். கதவு தானா மூடிக்குது. கொய்யாக்காரன் ஏறல, சமோசாக்காரன் ஏறல, பாட்டுப் பாடிக்கிட்டு வர்ற கண்ணில்லாதவரு ஏறல. ஜில்லுனுதான் இருந்துச்சு. இறங்கினப்புறம் ரயில்ல வந்த மாதிரியே இல்ல, டாக்டர் ரூம்ல உக்காந்துட்டு வந்த மாதிரி இருந்துச்சு.

இப்ப கணக்குப் போடுவோம், நீயும் படிச்சவன்தானே. பீச்சுக்கும் நமக்கும் 40 கிலோமீட்டர். வூட்டுலேர்ந்து ஸ்டேஷன், ஸ்டேஷன்ல நிக்கிறது, வண்டியில போறது, எறங்கி ஆபீசு வரைக்கும்னு போவ ரெண்டு மணி, வர ரெண்டு மணி. மாசம் 25 நாள் வேலை. 100 மணி நேரம். வருஷத்துக்கு 1200. அதை நாளாக்கு, 50 நாள். வருஷத்துல 50 நாள் ராப்பகலா நீ ரயிலுக்கே சொந்தம். பேங்குக்காரன் 20 வருஷத்துக்குக் கடன் கொடுப்பான். 20 வருஷத்துக்கு 1000 நாள், கிட்டத்தட்ட ரெண்டே முக்கால் வருஷம். சதுர அடி வெலையில இதைச் சேர்த்து எவனாவது காகிதத்துல போட்டிருக்கானா? பேங்குக்காரனாவது மீதி பணத்தைக் கட்டினா பத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பான். ரயில் இன்னாத்தைக் கொடுக்கும்? நாலாவது சீட்டு.

அதனாலதான் எங்க ஊர்ல கோலம் ராத்திரி பத்தரைக்குப் போடறாங்க. சிரிக்காத. காலையில அஞ்சரைக்குக் கிளம்பறவங்க எப்பப் போடுவாங்க? ராத்திரி சாப்பிட்டு, பாத்திரம் தேய்ச்சு, தெருவிளக்கு எரிஞ்சா அந்த வெளிச்சத்துல, எரியலைன்னா போன் வெளிச்சத்துல புள்ளி வைப்பாங்க. ஒரு கையில போனு, ஒரு கையில மாவு. மார்கழியில பூசணிப்பூ வேணும்னு என்னைக் கேப்பாங்க, நானும் ராத்திரியே கொடுத்துடுவேன். விடியறதுக்குள்ள எதாவது வந்து மிதிச்சிடும். எதாவதுன்னா, செவலைதான்.

தெரு நாய்ங்களுக்கும் டைம்டேபிள் மனப்பாடம். பகல்ல யாரு வந்தாலும் கொலைக்கும். கடைசி வண்டியில வர்றவங்களைக் கொலைக்காது. ரெண்டு நாய் கொஞ்ச தூரம் கூடவே வந்து அவங்கவங்க கேட்டாண்ட விட்டுட்டுப் போவும். அதுக்கு ஒரு பாக்கெட் பிஸ்கட் செலவு, ஷேர் ஆட்டோவைவிட மலிவு.

மழை. இதை மட்டும் மறைக்காம சொல்லிடறேன், அப்புறம் பெரியவர் சொல்லலைன்னு பேரு வரக்கூடாது. ஆதனூரு, மண்ணிவாக்கம், நந்திவரம், இந்த ஏரித் தண்ணியெல்லாம் கடைசியில அடையாத்துக்குத்தான் போவணும். 2015 டிசம்பர்ல முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தெருவுல படகு விட்டாங்களே, பேப்பர்ல பார்த்திருப்ப. அது அந்தத் தண்ணிதான். வூடு பார்க்கிறவங்க எல்லாரும் எப்ப வர்றாங்க? சித்திரை வைகாசியில. பொட்டல் காடு மாதிரி காஞ்சு கிடக்கும், காத்து ஜிலுஜிலுன்னு வரும், "அடடா, நல்ல காத்து"ன்னு அட்வான்ஸ் கொடுத்துடுவாங்க. ஐப்பசியில வந்து பாரு. காத்தும் வரும், கூடவே கெளுத்தியும் வரும்.

அதுலயும் ஒரு போட்டி நடக்கும் பாரு. முதல்ல வூடு கட்டுறவன் ரெண்டடிக்கு பேஸ்மட்டம் போடுவான். பக்கத்து மனைக்காரன் மூணடி. எதிர்வூட்டுக்காரன் இந்த ரெண்டையும் பார்த்துட்டு நாலரை அடி தூக்கி, அதுக்குச் சறுக்கு வெச்சு, சறுக்கை ரோட்டுல பாதி வரைக்கும் விடுவான். நடுவுல ரோடு போட வருவாங்க. பழைய ரோட்டைச் சுரண்டாம அது மேலயே ஒரு படை போட்டுட்டுப் போவாங்க. பத்து வருஷத்துல முதல் வூட்டுக்காரன் வாசப்படி ஏறினது போய், வாசப்படி எறங்க ஆரம்பிச்சிருப்பான். எங்க ஆர்ச் நகருல முதல் வூட்டுக்காரருக்கு இப்ப போர்டிகோவுல நின்னா ரோடு முட்டி உசரத்துக்குத் தெரியும். கார் வாங்கினாரு. அதைப் போர்டிகோவுல விட்டா திரும்ப ஏத்த நாலு ஆள் தேவைப்படுது. இப்ப கார் ரோட்டுல நிக்குது. போர்டிகோவுல மழைக்காலத்துல தவளை, வெயில் காலத்துல துணி.

கோடையில தண்ணி கேளு, லாரி வரும். குடிக்க 20 லிட்டர் கேன். செப்டிக் டேங்கு நெறைஞ்சா அதுக்கு ஒரு லாரி. ரெண்டு லாரியும் ஒரே தெருவுல எதிரெதிர வந்தா எதுக்கு வழி விடுறதுன்னு அசோசியேஷன்ல பேசி முடிவு பண்ணியிருக்காங்க. எதுன்னு நான் சொல்ல மாட்டேன், வந்து தெரிஞ்சுக்க.

பயந்துட்டியா? பயப்படாத. ஒரு நாலு நாள் இருக்குது, அப்ப நாமதான் ராஜா. பொங்கலு, தீபாவளி. பட்டணமே மூட்டையைத் தூக்கிக்கிட்டு அர்த்த ராத்திரியில கிளாம்பாக்கத்துக்கு வந்து நிக்கும். தாம்பரம் தாண்டறதுக்குள்ள அவங்களுக்கு ரெண்டு மணி நேரம் ஆயிடும். நீ சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு, லுங்கியை மாத்திட்டு பொடிநடையா... சரி, ஷேர் ஆட்டோவுலதான், போய் பஸ் ஏறலாம். அண்ணா நகர் டாக்டர் வேர்த்து விறுவிறுத்து நிக்கிறதைப் பார்க்கலாம். நான் ஒரு தபா பார்த்தேன். "நீங்க சக்கரையைக் கொறைக்கலையே"ன்னாரு. "நீங்க கூட்டத்தைக் கொறைக்கலையே"ன்னேன்.

சரி, உனக்கு வூடு பார்ப்போம். நான் தரகன் இல்ல, அந்தக் கமிஷன் எல்லாம் எனக்கு வேணாம். ஒரே ஒரு வழி சொல்றேன். மழைக்காலத்துல மாடு எங்க போய்ப் படுக்குதுன்னு பாரு. ஜிஎஸ்டி ரோட்டுல நடுவுல படுக்குதே, கார்க்காரன் எல்லாம் திட்டுறானே, அது ஏன்? அதுதான் மேடு, அதுதான் காஞ்ச எடம். மாட்டுக்கு எந்தக் கம்பெனிக்காரனும் காகிதம் கொடுத்து ஏமாத்த முடியாது.

இப்ப தலையை இப்படித் திருப்பு. நேத்து ராத்திரி பேஞ்சுதே, தெருவெல்லாம் சேறு. செவலை எங்க படுத்திருக்குது? அந்த மஞ்ச வூட்டு வாசப்படியில. தெரியுதா? அதுக்கு மேல அட்டை தொங்குதே, "மாடி போர்ஷன் வாடகைக்கு"ன்னு, அதைப் படி.

ஆமாம், எங்க வூடுதான். முழுசா விப்பேனா, வூட்டடி மேட்டை மட்டும் வெச்சுக்கிட்டேன். ரெண்டு ரூமு, கிச்சன், மொட்டை மாடியில துணி காயப் போட்டுக்கலாம். மோட்டார் காலையில அரை மணி, சாயங்காலம் அரை மணி. ஸ்டேஷன் 5 நிமிஷம். சிரிக்காத, செவலை நடையில. அட்வான்ஸு பட்டணத்துல பத்து மாசம் வாங்குவாங்க. வேற மாதிரி பேசிக்கலைன்னா மூணு மாசம்தான்னு 2017 சட்டம் சொல்லுது, எனக்கும் தெரியும், பேரன் வக்கீலுக்குப் படிக்கிறான். நாம வேற மாதிரி பேசிக்குவோம். ஆறு மாசம்.

டீக்குக் காசு நீ கொடுத்துடு, அதை அட்வான்ஸ்ல கழிச்சுக்கலாம்.